ஆணி பதித்த பியானோவும் நாடு திரும்பாத டிரம்பெட்டும்

1974 ஜூன் மாதத்தில் கேப் டவுன் நகரின் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் தென்னாப்பிரிக்க ஜாஸ் கலைஞர் அப்துல்லா இப்ராஹிம் வாசித்த பியானோவின் உள்ளே ஒரு சிறிய மாற்றம் செய்யப்பட்டிருந்தது. கம்பிகளைத் தட்டும் சுத்தியல்களின் நுனியில் உலோக ஆணிகள் பதிக்கப்பட்டிருந்தன. வழக்கமாக அந்தச் சுத்தியல்களைக் கம்பளித் துணி போர்த்தியிருக்கும். அதனால்தான் பியானோவின் ஒலி உருண்டு, மெத்தென்று எழுகிறது. ஆணி நேராகக் கம்பியில் படும்போது அந்த மெத்தனம் போய்விடுகிறது. தகரத்தைத் தட்டியது போன்ற, ஓரங்கள் கூர்ந்த ஓர் ஒலி வருகிறது. விலை உயர்ந்த அரங்கப் பியானோவில் ஒருபோதும் கிடைக்காத, நெரிசலான ஒரு வீட்டின் மூலையில் கிடக்கும் பழைய பெட்டியிலிருந்து மட்டுமே கேட்கக்கூடிய ஒலி அது.

அன்று பதிவான இசை 13 நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. 'மானன்பெர்க்' என்பது அதன் பெயர். இனவெறிச் சட்டத்தின் கீழ் தங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய கேப் டவுன் புறநகர் ஒன்றின் பெயரே அது. அந்த இசையை முதன்முறை கேட்டபோது எனக்கு அதன் வரலாறு எதுவும் தெரியாது. பியானோ ஒரே நான்கு அடிகளைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்க, அதன் மேல் பேசில் கூட்ஸியின் டெனார் சாக்ஸஃபோன் ஊரில் தெரிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து நிதானமாகக் கதை சொல்வதுபோல நுழைந்தது மட்டும் நினைவிருக்கிறது. இவ்வளவு எளிய சுழற்சி ஏன் சலிக்கவில்லை, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு போனால், அந்தக் கேள்வி 50 ஆண்டுகள் பின்னோக்கி ஜோகன்னஸ்பர்க்கின் சேரிகளுக்கு அழைத்துச் செல்கிறது.

1886இல் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பிறகு உருவான நகரம் ஜோகன்னஸ்பர்க். சுரங்க வேலைக்கும் வீட்டு வேலைக்கும் தென்னாப்பிரிக்காவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் கறுப்பின மக்கள் அங்கே வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு மது விற்பதைச் சட்டம் தடை செய்திருந்தது; அந்தத் தடை 1960களின் தொடக்கம் வரை நீடித்தது. ஆகவே பெண்கள் வீட்டிலேயே சோள பீர் காய்ச்சி விற்றார்கள். ஷெபீன் என்று அழைக்கப்பட்ட அந்த வீட்டுச் சாராயக் கடைகளில் வார இறுதி முழுவதும் ஆட்டம் நடக்கும். காலால் மிதித்து இயக்கும் சிறிய ஆர்கனோ பழைய பியானோவோ ஒன்று, கூழாங்கற்களை இட்டு ஆட்டும் தகர டப்பா ஒன்று, இவை போதும். வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்த கலைஞர் விடியும்வரை நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். இப்படிப் பிறந்த இசைக்கு மராபி என்று பெயர்.

மராபியின் உள்ளமைப்பை நம் சுரப் பெயர்களைக் கொண்டே விளக்கிவிடலாம். ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை மேற்கத்திய இசையில் கார்டு என்பார்கள். மராபியில் முதலில் ஷட்ஜத்தை அடிப்படையாகக் கொண்ட கார்டு, அடுத்து மத்தியமத்தைக் கொண்டது, மூன்றாவதாக மீண்டும் ஷட்ஜத்தின் கார்டு, ஆனால் அதன் அடியில் பஞ்சமம் ஒலிக்கும், நான்காவதாகப் பஞ்சமத்தின் கார்டு. அவ்வளவுதான். இந்த வரிசை பஞ்சமத்தில் முடிவதால் காது ஷட்ஜத்தை எதிர்பார்த்து நிற்கிறது. ஷட்ஜம் வரும்போது அது முடிவாக இல்லாமல் அடுத்த சுற்றின் தொடக்கமாக இருக்கிறது. எனவே இந்த இசைக்குத் தானாக நிற்கும் இடம் கிடையாது. இரவு முழுவதும் வாசிக்க வேண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை. அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் பெரிதும் பயன்படுத்திய 32 தாளக்கட்டுப் பாடல் வடிவம் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு, நடுவில் வேறிடம் போய், வீடு திரும்பும் பயணம். மராபியோ ஒரே முற்றத்தில் வட்டமாக நின்று ஆடும் ஆட்டம். தென்னாப்பிரிக்க ஜாஸை அமெரிக்க ஜாஸின் கிளை என்று எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். இசைக்கருவிகளும் தனி வாசிப்பின் இலக்கணமும் அமெரிக்காவிலிருந்து வந்தன. தரை உள்ளூரில் போடப்பட்டது.

மராபி அதன் காலத்தில் அநேகமாக இசைத்தட்டில் பதிவாகவே இல்லை. சாராயக் கடை இசை என்று படித்தவர்கள் அதை ஒதுக்கினார்கள். அந்தப் படித்தவர்களின் வீட்டிலோ வேறொரு ஊற்று ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள், சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் சோல்ஃபா முறையில் நான்கு குரல் கீர்த்தனைகளைக் கற்றுக்கொடுத்தன. 1897இல் ஈனாக் சொன்டோங்கா இயற்றிய, இன்று தேசிய கீதத்தின் பகுதியாக உள்ள 'ங்கோசி சிக்கெலேல் ஆஃப்ரிக்கா' அந்த மரபில் வந்ததே. அப்துல்லா இப்ராஹிமின் தாய் தேவாலயத்தில் பியானோ வாசித்தவர். ஷெபீனின் சுழற்சியும் தேவாலயத்தின் கூட்டுக்குரலும் எதிரெதிர்த் தெருக்களில் இருந்தாலும் இரண்டும் நின்ற கார்டுகள் அதே மூன்றுதான் என்பதால் அவை எளிதில் ஒன்றோடொன்று கலந்தன. கேப் டவுனில் இவற்றோடு கூமா என்ற பீப்பாய் முரசின் தாளமும் சேர்ந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வங்காளம், மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் வழிவந்த மக்கள், ஆண்டுதோறும் ஜனவரி 2ஆம் நாள் தெருவில் ஊர்வலமாக ஆடிப்பாடும் விழாவின் தாளம் அது.

1950களில் இந்த ஊற்றுகள் சங்கமித்த இடம் ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுன். கறுப்பின மக்கள் சொந்தமாக நிலம் வைத்திருக்க முடிந்த மிகச் சில நகர்ப்புறப் பகுதிகளில் அது ஒன்று. ஓடின் திரையரங்கில் நடந்த ஜாஸ் அமர்வுகளும் தெருமுனைச் சிறுவர்களின் தகரப் புல்லாங்குழல் இசையான க்வேலாவும் ஒரே காற்றில் கலந்திருந்தன. 1955 பிப்ரவரி 9 அன்று ஆயுதமேந்திய போலீசார் வந்து குடும்பங்களை லாரிகளில் ஏற்றத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் வெள்ளையர்களுக்காக எழுந்த குடியிருப்புக்கு வெற்றி என்று பொருள்படும் டிரியோம்ஃப் என்ற பெயரை அரசு சூட்டியது.

அரசு இந்த இசையை ஏன் வெறுத்தது என்பதை விளங்கிக்கொள்ளாமல் மேற்கொண்டு போக முடியாது. பல பாடல்களில் அரசியல் சொற்களே இல்லை. பெரும்பாலானவை வெறும் வாத்திய இசை. எனினும் இனவெறி ஆட்சியின் அடிப்படைக் கற்பனை, கறுப்பின மக்கள் தனித்தனிப் பழங்குடிகள், ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி, ஒரு நிலம், ஒரு இசை உண்டு, நகரத்தில் அவர்கள் தற்காலிக வேலையாட்கள் மட்டுமே என்பதாகும். ஷோசா பேசுபவரும் ஸூலு பேசுபவரும், கலப்பினத்தவர் என்று முத்திரை குத்தப்பட்டவரும், இந்தியரும், வெள்ளையரும் ஒரே மேடையில் ஒரே தாளத்தில் வாசித்தபோது அந்தக் கற்பனை எந்த முழக்கமும் இல்லாமலே பொய்த்துப்போனது. அதனால்தான் மேடைகளும் மேடைக்கு வெளியே பார்வையாளர் அமரும் இருக்கைகளும் சட்டத்துக்கு உட்படுத்தப்பட்டன.

1959இல் 'கிங் காங்' என்ற இசை நாடகம் ஜோகன்னஸ்பர்க்கில் அரங்கேறியது. டாட் மட்ஷிகிசா இசையமைத்த அதில் மிரியம் மகேபா பாடினார். வாத்தியக் குழுவில் ஹ்யூ மசெகேலா, ஜோனாஸ் குவாங்வா, கிப்பி மொகெட்சி இருந்தார்கள். மசெகேலா கையில் டிரம்பெட் வந்த கதை பலரும் அறிந்தது. பள்ளியில் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த சிறுவனிடம் ட்ரெவர் ஹடில்ஸ்டன் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் அதை வாங்கிக் கொடுத்தார். 1956இல் அந்தச் சிறுவர்களின் குழுவுக்கு அமெரிக்க ஜாஸ் மேதை லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் தாம் வாசித்த டிரம்பெட் ஒன்றையே அனுப்பிவைத்தார். மசெகேலா, குவாங்வா, மொகெட்சி மூவரும், அப்போது டாலர் பிராண்ட் என்று அறியப்பட்ட அப்துல்லா இப்ராஹிமும் சேர்ந்து அமைத்த ஜாஸ் எபிசல்ஸ் குழு 1960 ஜனவரியில் ஒரு நீள இசைத்தட்டைப் பதிவு செய்தது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்களின் முதல் நீள இசைத்தட்டு அது. 500 படிகள் மட்டுமே அச்சாயின. இரண்டே மாதங்களில், மார்ச் 21 அன்று, ஷார்ப்வில் ஊரில், கறுப்பின மக்கள் எப்போதும் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள் மீது போலீசார் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். நெருக்கடி நிலை வந்தது, கூட்டங்கள் தடை செய்யப்பட்டன, குழு கலைந்தது.

மசெகேலா லண்டன் வழியாக நியூயார்க் போனார். அதற்கு முன்பே வெளியேறியிருந்த மகேபாவின் கடவுச்சீட்டு, அவர் தாயின் இறுதிச் சடங்குக்குத் திரும்ப முயன்ற 1960இல் செல்லாததாக்கப்பட்டிருந்தது. டாலர் பிராண்ட் 1962இல் சூரிச் சென்றார். அங்கே ஒரு விடுதியில் அவர் வாசிப்பதை வந்து கேட்கும்படி அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டனைச் சம்மதிக்க வைத்தவர் பாடகி சத்திமா பியா பெஞ்சமின். 1963 பிப்ரவரியில் பாரிஸில் எலிங்டன் இருவரையும் பதிவு செய்தார். பியானோக் கலைஞரின் தட்டு வெளிவந்து அவரை உலகறியச் செய்தது. சத்திமாவின் பதிவோ 1997 வரை வெளிவரவே இல்லை. தென்னாப்பிரிக்க ஜாஸ் என்றாலே ஆண்களின் பட்டியல் வந்து நிற்பதற்கு இத்தகைய காரணங்களும் உண்டு.

இவர்களின் புகழை நான் குறைத்துப் பேசவில்லை. 1968இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த மசெகேலாவின் இசையும், சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிவரும் நிலக்கரி ரயிலைத் தம் குரலாலேயே அவர் நிகழ்த்திக் காட்டும் 'ஸ்டிமேலா'வும் என் வீட்டில் அடிக்கடி ஒலிப்பவை. ஆயினும் நாடு கடந்தவர்களில் என்னை மிகவும் பாதிப்பவர்கள் ப்ளூ நோட்ஸ் குழுவினர். பியானோவில் கிறிஸ் மெக்ரிகோர், ஆல்ட்டோ சாக்ஸஃபோனில் டுடு புக்வானா, டெனாரில் நிக்கேலே மொயாகே, டிரம்பெட்டில் மொங்கெசி ஃபெசா, பேஸ் வாத்தியத்தில் ஜானி டியானி, டிரம்ஸில் லூயிஸ் மொஹோலோ. ஸ்காட்லாந்து மிஷன் பள்ளி ஆசிரியரின் மகனாக டிரான்ஸ்கேயில் வளர்ந்த மெக்ரிகோர் மட்டும் வெள்ளையர். மற்ற ஐவரும் கறுப்பினத்தவர். உள்நாட்டில் இப்படியொரு குழு சேர்ந்து வாசிக்கும் ஒவ்வொரு இரவும் சட்டச் சிக்கல்தான். 1964இல் பிரான்ஸில் ஆண்டீப் ஜாஸ் விழாவுக்கு அழைப்பு வந்தபோது போனவர்கள், அங்கிருந்து சூரிச், பிறகு லண்டன் என்று அலைந்தார்கள். மொயாகே நோயுற்று ஊர் திரும்பி 1966இல் இறந்தார்.

லண்டனில் அவர்களுடைய இசை மாறியது. சுழற்சிகள் உடைந்தன, தாளம் கட்டவிழ்ந்தது, எந்தக் கணமும் கூச்சலாகிவிடக்கூடிய கட்டற்ற வாசிப்பு வந்தது. ஆனால் அந்தப் பெருங்குழப்பத்தின் நடுவே திடீரென்று புக்வானாவின் சாக்ஸஃபோன் ஓர் ஊர்ப்பாட்டின் அடியை எடுத்துவிடும். உடனே மற்றவர்கள் எல்லாரும் அங்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். வெளியே எவ்வளவு தூரம் போனாலும் கால் அந்த நான்கு கார்டுகளின் முற்றத்தை மறக்கவில்லை. ஃபெசா 1975 டிசம்பர் 14 அன்று லண்டன் மருத்துவமனையில் இறந்தார். கவனிக்கப்படாமல் விடப்பட்ட நிமோனியா, வயது 30. ஒன்பது நாட்கள் கழித்து, நினைவுக் கூட்டம் முடிந்த கையோடு, எஞ்சிய நால்வரும் ஒத்திகை அறை ஒன்றில் கூடி வாசித்தார்கள். அந்தப் பதிவில் டிரம்பெட் இல்லை. தாள வாத்தியங்களுக்கு இடையே ஷோசா மொழியில் அழைக்கும் குரல்கள் கேட்கின்றன. மணிக்கணக்கில் நீளும் அதை ஒரே அமர்வில் கேட்பது எளிதன்று. நான் பகுதி பகுதியாகத்தான் கேட்டேன். ஒப்பாரிக்கு உரிய எல்லாம் அதில் இருக்கின்றன: இறந்தவரை விளித்தல், வாழ்ந்த நாட்களைச் சொல்லிச் சொல்லி மாய்தல், இடையில் அவருக்குப் பிடித்ததைப் பாடிச் சிறிது நேரம் ஆடுதல்.

போனவர்களுக்கு உலகத்தின் காது கிடைத்தது. தங்கிவிட்டவர்களைப் பற்றி எழுதப்பட்டிருப்பது மிகக் குறைவு. கிப்பி மொகெட்சியை மசெகேலாவும் இப்ராஹிமும் தங்கள் ஆசான் வரிசையில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். 'கிங் காங்' குழுவோடு 1961இல் லண்டன் சென்றிருந்தபோது அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கு உள்ளானார். ஊர் திரும்பியபின் வாசிக்க மேடைகள் அருகிப் போயிருந்தன. குடி அவரைத் தின்றது. 1970களில் அவர் வாசித்த பதிவுகள் ஒரு கைக்குள் அடங்கிவிடும். பாட் மட்ஷிகிசாவுடன் 1975இல் அவர் செய்த 'ட்ஷோனா'வைக் கேட்டால், ஒரு சுரத்தை நேராகத் தொடாமல் கீழிருந்து வளைத்து ஏற்றும் அவருடைய ஆல்ட்டோ சாக்ஸஃபோன் எவ்வளவு தழுதழுத்தாலும் தடம் மாறாமல் செல்வது தெரியும். 1983இல் அவர் இறந்தார்.

தங்கிவிட்ட மற்றொருவர் கேப் டவுனின் வின்ஸ்டன் மங்குங்கு ங்கோசி. வெள்ளையர்களுக்கான அரங்கில் அவர் திரைக்குப் பின்னால் நின்று, வின்ஸ்டன் மேன் என்ற மாற்றுப் பெயரில் வாசிக்க வேண்டியிருந்தது. 1968 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்கில் அவர் பதிவு செய்த 'யக்கால் இங்கோமோ' என்ற இசைத்தட்டுத்தான் இந்த மரபில் எனக்கு மிக நெருக்கமானது. மாடு கதறுகிறது என்பது அந்த ஷோசாச் சொற்றொடரின் பொருள். பலியிடப்படும்போது எழும் கதறல். அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட நீண்ட மூச்சு அதில் இருக்கிறது. ஆனால் தொடக்க மெட்டு எந்தத் தென்னாப்பிரிக்கத் தேவாலயத்திலும் பாடக்கூடிய அளவு எளிமையானது. ஒரு சொல்கூட இல்லாத அந்த இசையை மக்கள் தங்கள் கதறலாகவே கேட்டார்கள். எந்தத் தணிக்கை அதிகாரியாலும் அதில் கோடு போட்டு நீக்க ஒரு வரி கிடைத்திருக்காது.

அந்தத் தட்டின் உறையைப் புரட்டிப் பார்த்தபோது பியானோக் கலைஞரின் பெயரில் என் கண் நின்றுவிட்டது. லயனல் பிள்ளை. டர்பன்காரர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து தொடங்கிய ஒப்பந்தக் கூலிகளின் குடியேற்றத்தால் நட்டாலின் தெருக்களில் பரவிய குடும்பப் பெயர்களில் பிள்ளையும் ஒன்று. அந்நகரில் நாயுடு குடும்பத்தினர் நடத்திய குட்வில் லவுஞ்ச் என்ற உணவகமும் அக்கால ஜாஸ் கலைஞர்களுக்கு மேடை தந்திருக்கிறது. பெயரைக் கண்டு மகிழ்ந்ததோடு நின்றுவிடாமல் பியானோவை மட்டும் தனியாகக் கவனித்துத் தட்டை மறுபடி கேட்டேன். மங்குங்கு மேலே உயர்ந்து கதறும் இடங்களில் பிள்ளை போட்டியிட்டு நிரப்புவதில்லை. கார்டுகளை இடைவெளி விட்டு வைத்து, மூச்சு வாங்க இடம் தருகிறார். தம் முறை வரும்போது தெளிவான தனித்தனிச் சுரங்களில் பேசுகிறார். பின்னாளில் 'மானன்பெர்க்' புகழ் பேசில் கூட்ஸியோடும் அவர் பதிவுகள் செய்தார். தமிழில் இவரைப் பற்றி நான் எதையும் படித்ததில்லை.

இப்போது 1974இன் ஆணி பதித்த பியானோவுக்குத் திரும்பலாம். கேப் டவுனின் நடுவே இருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் 1966 பிப்ரவரி 11 அன்று வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அங்கிருந்து 60,000க்கும் மேற்பட்டோர் மணல் காற்று வீசும் புறநகர்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டார்கள். சிறிது காலம் ஊர் வந்திருந்த இப்ராஹிம், அங்கே வளர்ந்த கூட்ஸி, ராபி ஜான்சென் போன்ற உள்ளூர்க் கலைஞர்களைத் திரட்டிக்கொண்டு, படித்தவர்கள் முகம் சுளித்த மராபியின் தகர ஒலியை வேண்டுமென்றே வரவழைத்தார். உலக மேடைகளில் நவீன ஜாஸ் வாசித்துப் பெயர் பெற்ற ஒருவர், பாட்டன் காலத்து ஷெபீனின் பியானோவிடம் வந்து நின்றார். ஜோகன்னஸ்பர்க்கில் கோஹினூர் என்ற இசைத்தட்டுக் கடை நடத்திய ரஷீத் வாலி அதைத் தம் அஸ்-ஷம்ஸ் நிறுவனத்தின் வழியே வெளியிட்டார். இடிக்கப்பட்ட தெருக்களின் ஒலி வீடுவீடாகத் திரும்பி வந்தது. 1980களின் எதிர்ப்புக் கூட்டங்களில் கூட்ஸியும் ஜான்செனும் அதை வாசித்தபோது பெருங்கூட்டம் சேர்ந்து பாடியது. கூட்ஸிக்கு அந்தப் பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

பின்வந்தவர்களில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. 1955இல் டர்பனில் பிறந்த பெக்கி ம்செலேக்கு, சிறு வயது விபத்தில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தவர். யாரிடமும் முறையாகக் கற்காதவர். பியானோவை ஒரு கையாலும் சாக்ஸஃபோனை மறு கையாலும் வாசித்தபடி மேடையில் அமர்ந்திருப்பார். அவருடைய இசையில் மராபியின் சுழற்சி மெதுவாகி, ஜபம் போல ஆகிவிடுகிறது. அவரைத் தம் முன்னோராகக் கொண்டாடும் ந்துதுசோ மக்கத்தினி மரபுவழி மருத்துவர். 2020இல் அமெரிக்காவின் ப்ளூ நோட் நிறுவனத்தில் இசைத்தட்டு வெளியிட்ட முதல் தென்னாப்பிரிக்கர் ஆனார். பியானோவுக்கு முன் அமர்வதையும் நோயாளிக்கு முன் அமர்வதையும் அவர் ஒரே தொழிலாகவே கருதுகிறார்.

1990 பிப்ரவரியில் மண்டேலா விடுதலையானார். ஜானி டியானி 1986இலேயே இறந்திருந்தார். கிறிஸ் மெக்ரிகோர் 1990 மே மாதத்திலும் டுடு புக்வானா அடுத்த மாதமான ஜூனிலும் இறந்தார்கள். ப்ளூ நோட்ஸில் எஞ்சிய லூயிஸ் மொஹோலோ 2005இல் கேப் டவுனுக்குத் திரும்பி லங்கா பகுதியில் குடியேறினார். தம் பிள்ளை வயதுக் கலைஞர்களோடு சேர்ந்து, புக்வானாவும் ஃபெசாவும் இயற்றிய மெட்டுகளைக் கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தார். 2025 ஜூன் மாதம் இறந்தபோது அவருக்கு வயது 85.